கண்ணில் வைத்த பொட்டு

முனியம்மாளுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே ஆகாது. குரலில் குறை ஒன்றும் இல்லை. குறை இருந்தால்தான் திட்டித் தீர்த்துவிடலாமே! தேன் தடவியது போல் இருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் முதல் தடவை கேட்டது போலவே பதமாகப் பேசும். மனுஷியாகப் பிறந்தவள் ஒரு தடவையாவது சலித்துக்கொள்ள மாட்டாளா என்பதுதான் முனியம்மாளின் வழக்கு.

வல்லம் வடகாலில் தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிப் போகும் தெருவில் கடைசி வீடு அவளுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனி கேன்டீனில்தான் அவளுக்கு வேலை. விடியற்காலையில் போய் மூட்டை மூட்டையாக வெங்காயமும் கோஸும் நறுக்கிவிட்டு, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் காலை வைத்தால், மகள் அமலா மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இந்தக் குரலோடு பேசிக்கொண்டிருப்பாள். அம்மா வந்த செருப்புச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பி ஒரு சிரிப்பு சிரிப்பாள். அப்புறம் மறுபடி அதனோடுதான் பேச்சு.

அமலாவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. உலகத்தை அவளுக்குச் சொன்னதெல்லாம் முனியம்மாள்தான். நிறத்தைக்கூட விட்டு வைக்கவில்லை. மஞ்சள் என்றால் சந்தனம், மோந்து பார். சிவப்பு என்றால் குங்குமம், விரலால் தேய்த்துப் பார். பச்சை என்றால் கிள்ளிய கொத்தமல்லி. அந்தப் பெண்ணும் ஒவ்வொன்றையும் மூக்கிலும் விரலிலும் ஏற்றி வைத்துக்கொண்டது. எட்டாம் வகுப்பு வரை படித்த முனியம்மாள் கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, தேர்தல் சுவரெழுத்து எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்; ஆனாலும் தமிழாக இருக்கும் வரைக்கும் அவளை அசைக்க ஆள் இல்லை.

வினை இங்கிலீஷில் வந்தது. அமலா சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பயிற்சி மையம் கொடுத்த லேப்டாப்போடு திரும்பினாள். அதில் எழுத்தை வாசித்துக் காட்டும் ஏற்பாடு ஒன்று இருந்தது. ஆனால் எழுத்து இருந்தால்தான் அதன் பருப்பு வேகும். படம் வந்தால் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பெயர் எழுதாத பட்டன்கள் வந்தால் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று கிளிப்பிள்ளையாகிவிடும். அப்போதெல்லாம் அமலா கூப்பிடுவாள். முனியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, “செவப்பா ஒரு பஸ்ஸு படம் போட்டுக்கீது. அதுக்குக் கீய இங்கிலீஷுல இன்னாவோ எழுதிக்கீது” என்பாள். அதற்கு மேல் அவளுக்கு வழி இல்லை. மகன் சுபாஷ் வேன் ஓட்டிவிட்டு வரும் வரைக்கும் இரண்டு பேரும் அந்த ‘இன்னாவோ’வின் முன்னால் காத்திருப்பார்கள்.

ஒரு நாள் லேப்டாப்பில் இருக்கும் பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் முளைத்தது. கேள்வி கேட்டால் திறந்திருக்கும் பக்கம் முழுவதையும் பார்த்து, படத்தில் என்ன இருக்கிறது, எந்த பட்டன் எதற்கு என்று தமிழிலேயே சொல்லியது. அன்றைக்குச் சாயங்காலம் அமலா ஒரு புடவைக் கடையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை.

“எம்மா, இந்தப் பொடவைல பார்டர் ஃபுல்லா மாங்கா போட்டுக்கீதாம். முந்தானைல ரெண்டு மயில் மூஞ்சியோட மூஞ்சி பாத்துக்கினு நிக்குதாம்!”

“ஏன், நான் சொல்ல மாட்டனா?”

“நீ இன்னா சொல்லுவ? ‘நல்லாக்கீதுடி’ம்ப. எந்தப் பொடவைய கேட்டாலும் அதே பதிலு.”

முனியம்மாளுக்குச் சுருக்கென்றது. சொன்னதில் பொய் இல்லை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சுருக்கென்றது. அன்றிலிருந்து ஓரத்துக் கட்டத்தில் இருக்கும் அந்தக் குரலுக்கு ‘பக்கத்து வூட்டுக்காரி’ என்று பெயர் வைத்தாள். “இன்னாடி, இன்னிக்கு பக்கத்து வூட்டுக்காரி இன்னா கதை அளந்தா?” என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவாள்.

இந்த நேரத்தில்தான் வேலை ஒன்று வந்தது. தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ் விடும் ஒரு நிறுவனத்தில் உதவி மேஜைக்கு, அதாவது ஹெல்ப் டெஸ்க்குக்கு, ஆள் வேண்டும். பஸ் வரவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டது, டயர் பஞ்சர் என்று தொழிலாளர்கள் போன் செய்வார்கள். கம்ப்யூட்டரில் வரைபடத்தைப் பார்த்து, பஸ் எங்கே நிற்கிறது என்று சொல்லி, வேறு பஸ்ஸைத் திருப்பிவிட வேண்டும். அமலாவுக்கு ஆள்களோடு பேசுவது என்றால் அல்வா. இதே மாதிரி வேலைக்கு முன்பு இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தாள். “மேப் பாக்கணுமேம்மா” என்று இரண்டு இடத்திலும் இரண்டே வார்த்தையில் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்த நிறுவனத்தின் அதிகாரி மெர்சி மட்டும், “எப்படிப் பார்ப்பீங்கன்னு எனக்குக் காட்டுங்க” என்று சொல்லியிருந்தாள். வீடியோவில் நேர்காணல். முகம் தெரிய வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. விஜயதசமி காலையில், மற்றவர்கள் லீவில் இருக்கும்போது, டூட்டியில் இருக்கும் மெர்சிக்கு அப்போதுதான் நேரம்.

இது கிடைத்தால் மகளுக்குச் சொந்தச் சம்பளம், சொந்த நாற்காலி. கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு ‘மேப் பாக்கணுமேம்மா’. அதைத் தாங்கிக்கொண்டு அவள் சிரிக்கப் போகும் சிரிப்பை முனியம்மாள் நினைத்துப் பார்க்கக்கூட விரும்பவில்லை.

முந்தின நாள் ஆயுத பூஜை. காலையிலேயே அமலா பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டு எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டாள். முகம் கட்டத்தின் நடுவில் இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் போதும், பின்னால் கொடியில் துணி தொங்குகிறது, எடுத்துவிடலாம் என்று அது சொல்ல, முனியம்மாள் துணியை எடுத்தாள். எடுக்கும்போது முணுமுணுக்கத் தவறவில்லை. அப்புறம் லேப்டாப் பூஜைக்குப் போனது.

சாமி படத்தின் முன்னால் அந்த வீட்டின் ஆயுதங்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. கேன்டீன் கத்தி, சுபாஷின் ஸ்பேனர் பை, அமலாவின் வெள்ளைக் கோல், லேப்டாப். வேன் வாசலில் வாழைக்கன்று கட்டி நின்றது. இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு முனியம்மாள் உள்ளே வந்தாள்.

“எம்மா, பட்டன் மேலலாம் வெக்காத. ஒட்டிக்கும்” என்றாள் அமலா.

“எனக்குத் தெரியாதா? இதுல நாளைக்கு உன்னைப் பாக்கிறது எதுடி?”

“மேல நடுவுல சின்னதா ஒரு கண்ணு கீதும்மா. அது வழியாதான் அந்த மேடம் என்னைப் பாப்பாங்க.”

முனியம்மாள் மூடியைத் திறந்து பார்த்தாள். மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு கண். நாளைக்கு என் பிள்ளையை முழுசாகப் பார்த்து எடை போடப் போகிற கண் இதுதானா என்று நினைத்தாள். ஹெட்லைட்டுக்கே வைக்கிறோம், இதற்கு வைக்காமல் விடுவதா? நல்லபடியாகப் பார், கண்ணு கிண்ணு வைத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டு, கண்ணை ஒட்டி அல்ல, கண்ணின் மேலேயே, மோதிர விரலால் ஒரு பொட்டு சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் வைத்தாள். அவள் வாழ்நாளில் வைத்த பொட்டுகளில் அவ்வளவு வட்டமாக வந்தது வேறு இல்லை. மூடியை மெதுவாகச் சாத்திவிட்டுக் கற்பூரம் காட்டினாள்.

மறுநாள் காலை மறுபூஜை போட்டு, லேப்டாப்பை எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டு, திரைச்சீலைக்கு வெளியே வந்து முனியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். சுண்டல் கிண்ணம் மடியில் இருந்தது. ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. வேனை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தான் சுபாஷ்.

உள்ளே மெர்சியின் குரல் கேட்டது. “அமலா, குட் மார்னிங். நீங்க பேசறது கேக்குது. ஆனா வீடியோ வரலையே. கேமராவை ஆன் பண்ணுங்க.”

“ஆன்லதான் இருக்கு மேடம்.”

“எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. மங்கலா இருக்கு. முகம் பாக்காம நேர்காணல் பண்ணக் கூடாதுன்னு ரூல். வீட்ல யாராவது இருந்தா கூப்பிட்டு என்னன்னு பாக்கச் சொல்லுங்க, பரவாயில்ல.”

முனியம்மாளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மோதிர விரலே சுட்டது போல் இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததே! மகளின் கண்ணாக இருந்தவள் மகளின் வேலையின் கண்ணை அடைத்து வைத்திருக்கிறாளே! கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கை திரைச்சீலையைப் பிடித்துவிட்டது. கூப்பிடட்டும், ‘எம்மா’ என்று ஒரு சத்தம் வரட்டும், பாய்ந்துவிடலாம்.

அந்தச் சத்தம் வரவில்லை.

“ஒரு நிமிஷம் மேடம், நானே பாக்கிறேன்” என்றாள் அமலா.

நானே பாக்கிறேன். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து முனியம்மாள் அதுவரை கேட்டதில்லை. திரைச்சீலையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

அமலா பிரவுசரின் ஓரத்தில் கேட்டாள். “என் வீடியோ கட்டத்துல இப்ப என்ன தெரியுது?”

பக்கத்து வீட்டுக்காரி அவசரப்படவில்லை. “உங்கள் கேமரா இயங்குகிறது. ஆனால் கட்டம் முழுவதும் மங்கலான மஞ்சள் நிறமாக இருக்கிறது. நடுவில் கொஞ்சம் சிவப்பு. ஓரங்களில் மட்டும் வெளிச்சம் தெரிகிறது. லென்ஸின் மேல் ஏதோ ஒட்டியிருக்கலாம். அது என்னவென்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.”

உள்ளே நாற்காலி நகர்ந்தது. முனியம்மாள் திரைச்சீலையின் இடுக்கில் பார்த்தாள். அமலா விரலை நீட்டி, திரையின் மேல் விளிம்பைத் தடவிக்கொண்டே நடுவுக்கு வந்தாள். விரல் நின்றது. அந்த விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். அவள் முகம் முழுவதும் ஒரு சிரிப்பு பரவியது.

“மேடம், சந்தனம்! நேத்து ஆயுத பூஜை. எங்கம்மா கேமராவுக்குப் பொட்டு வெச்சிட்டாங்க.”

துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள். அந்தப் பக்கம் மெர்சி வாய்விட்டுச் சிரித்தாள். “இப்ப பளிச்சுனு தெரியறீங்க! நீங்க வேற, எங்க டிப்போ கேட்ல சிசிடிவிக்கும் அதே பூஜைதான். செக்யூரிட்டி பாவம், கேமரா ரிப்பேர்னு ஆள் கூப்பிடப் போயிட்டாரு.”

முனியம்மாளுக்கு மூச்சு வந்தது. ஊரில் தான் ஒருத்தி மட்டும் அறிவுகெட்டவள் இல்லை என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“சரி, இப்ப வேலைக்கு வருவோம்” என்றாள் மெர்சி. “பயிற்சிக்குன்னு ஒரு பக்கம் அனுப்பறேன். மேப் படம்தான், எழுத்து அதிகம் இருக்காது. நான் பஸ்ஸுக்கு நிக்கற ஆளு. போன் பண்றேன், எடுங்க. ஹலோ! ஏழாம் நம்பர் பஸ் இன்னும் வரல. சேரப்பணஞ்சேரி ஸ்டாப்ல எல்லாரும் நின்னுக்கினு கீறோம். ஷிப்ட்டுக்கு லேட்டானா சூப்பர்வைசர் கத்துவாரு. சொல்லுங்க!”

இதுதான், இதேதான். மேப் பாக்கணுமேம்மா. முனியம்மாள் சாமி படத்தைப் பார்த்தாள். சாமிக்கு மேப் பார்க்கத் தெரியுமோ என்னவோ.

“ஒரு நிமிஷம் லைன்லயே இருங்கண்ணா” என்று அமலா அந்த இல்லாத ஆளுக்குச் சொல்லிவிட்டு, பிரவுசரிடம் கேட்டாள். “ஏழாம் நம்பர் பஸ் எங்க நிக்குது? சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்துல வேற எந்த பஸ் இருக்கு?”

“ஏழாம் எண் பேருந்து படப்பைக் கடைவீதியில் நிற்கிறது. அந்தச் சாலை சிவப்பாகக் காட்டப்பட்டிருக்கிறது, நெரிசலாக இருக்கலாம். ஒரகடம் சந்திப்பில் இரண்டு பேருந்துகளின் குறிகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கின்றன. ஒன்று மூன்றாம் எண். மற்றது ஆறா எட்டா என்று தெளிவாகத் தெரியவில்லை.”

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாளே! முனியம்மாள் திரைச்சீலைக்கு வெளியே நின்றபடியே வியந்தாள். சுபாஷிடம் வழி கேட்டால்கூட தெரியாது என்ற வார்த்தை அவன் வாயில் வராது.

அமலா தடுமாறவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். “இப்ப பாத்து சொல்லு.”

“எட்டு. மூன்றாம் எண்ணில் ‘முழுவதும் நிரம்பியது’ என்று இருக்கிறது. எட்டாம் எண்ணில் ‘காலி’ என்று இருக்கிறது.”

“அண்ணா, ஏழு படப்பை டிராபிக்ல மாட்டிக்கினு கீது” என்றாள் அமலா. இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துப் பேசியவளுக்கு, ஆள் நிற்கிற அவசரத்தில் வீட்டுப் பேச்சே வந்துவிட்டது. “எட்டாம் நம்பரு ஒரகடத்துல காலியா கீது, அத அனுப்பறேன். அது எதிர்ப் பக்கமா வருதுன்னு பாத்துட்டு யாரும் ரோட தாண்டி ஓடாதீங்க. லாரி வர்ற ரோடு. பஸ்ஸு சுத்திக்கினு உங்க பக்கமே வந்து நிக்கும். பயப்படாதீங்க, உங்க சூப்பர்வைசருக்கும் நான் போன் பண்ணி சொல்லிடறேன்.”

மெர்சி கேட்டாள். “ரோட தாண்டாதீங்கன்னு சொன்னீங்களே, அதையும் அதுதான் சொல்லுச்சா?”

“இல்ல மேடம். பஸ் எங்க நிக்குதுன்னு அது சொல்லுச்சு. நிக்கறவங்களுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்.”

முனியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. தான் பெற்றதுதானா இது என்று இருந்தது. அந்த ஓரத்துக் கட்டத்துக்காரியையும் அந்த நிமிஷத்தில் அவளால் வெறுக்க முடியவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை அவள். கேட்டதைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டாள். வேலைக்காரி என்றால் இவள் வேலைக்காரி, கெட்டிக்காரி!

நேர்காணல் முடிந்து அமலா திரைச்சீலையை விலக்கியபோது முனியம்மாள் அங்கேயே நின்றிருந்தாள்.

“சந்தனத்தால உன் வேலைக்கே உலை வெச்சிட்டனேடி.”

“நீ இங்கியே நின்னுக்கினு இருந்தியா?”

“ஏன்டி என்னைக் கூப்புடல? அந்தம்மாவே கூப்புடச் சொன்னாங்களே.” கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டேவிட்டாள்.

அமலா அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். “அது வெறும் மஞ்சள்னுதாம்மா சொல்லுச்சு. இன்னான்னு அதுக்கே தெரியல. மஞ்சள்னா சந்தனம்னு எனக்கு யாரு சொன்னது? நீ என் கூடத்தான் இருந்த.”

முனியம்மாள் சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே போய் ஒரு பாத்திரத்தை இல்லாத சத்தம் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்து, லேப்டாப்பின் கண்ணுக்குப் பக்கத்தில், ஒரு விரல் இடம் தள்ளி, புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். “பக்கத்து வூட்டுக்காரிக்கும் கண்ணு படக் கூடாதுல்ல” என்றாள்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. முனியம்மாள் அப்போதுதான் கேன்டீனிலிருந்து வந்து, வெங்காய வாசனை போகாத கையோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் ‘மெர்சி’ என்று சொன்னவுடனே அமலா ஒரு பட்டனைத் தட்டி அதன் வாயை அடைத்தாள்.

“எம்மா, இங்க வா. நீ படி.”

“நானா? மெயிலு இங்கிலீஷுல இல்ல இருக்கும். உன் பக்கத்து வூட்டுக்காரி படிக்கட்டும். அவதான் ஒரு நொடில ஒப்பிப்பா.”

“இரு.” அமலா பிரவுசரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். திரையில் இருந்த இங்கிலீஷ் முழுவதும் ஒரு தடவை மினுக்கியது. மேலிருந்து கீழ் வரைக்கும் தமிழாகிவிட்டது.

முனியம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். மகளின் மடியில் இருந்த அந்தப் பெட்டியில், இத்தனை நாளாக ‘இன்னாவோ எழுதிக்கீது’ என்று தள்ளிப்போன இடத்தில், அவளுக்குத் தெரிந்த எழுத்துகள் அவளைப் பார்த்து நின்றன. கையை முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்தாள். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வரியின் அடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்தது போல எழுத்துக் கூட்டினாள்.

“அன்... புள்ள அமலா. உங்களை எங்கள்... உதவி மேஜைக்கு...” அடுத்த வார்த்தை நீளமாக இருந்தது. முனியம்மாள் திணறினாள். ஓரத்தில் இருந்தவளுக்கு அது தெரியும். யாரும் கேட்காததால் பேசாமல் இருந்தாள். அமலாவும் அவசரப்படுத்தவில்லை. “தேர்ந்... தெடுத்... தேர்ந்தெடுத்திருக்கிறோம்.”

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“அப்புறம்?” என்றாள் அமலா. “அப்புறம் இன்னா போட்டுக்கீதும்மா?”

“இருடி” என்றாள் முனியம்மாள். “இந்த வரிய இன்னொரு வாட்டி படிக்கிறேன்.”